மச்சான் விட்டுவிட்ட வட்டங்கள்

1

“…அதனால பொட்டப்புள்ளைகள அந்தப் படத்துல எதுக்குங்க மாப்ள சேத்தறது? கட்டிக்குடுத்துட்டா அவிய வேற கூட்டமுங்க. எங்க நோவு எங்க கூட்டத்தோட நின்னுக்கும். என்ற பையனுக்கு இல்லீன்னு ரிப்போர்ட்டே வந்திருச்சு. கெடா வெட்டறோம், டிக்கெட்டப் போட்டுட்டு வந்து சேருங்க!”

இப்படிச் சொல்லிவிட்டு ஊருக்கே கேட்கும்படி சிரித்தவர் வேலுச்சாமி மச்சான். என் அக்கா சரசாவின் புருஷன். பவானிக்குப் பக்கத்தில் மஞ்சளும் கரும்புமாக விவசாயம். வாயைத் திறந்தால் ஒரு பழமொழி விழும். விழாவிட்டால் அவரே ஒன்று செய்து போடுவார். அதைக் கேட்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போடுகிறவன் நான்.

அன்றைக்கு ஞாயிறு இல்லை. அவராகத்தான் கூப்பிட்டார். இங்கிலாந்தின் வடக்கே லீட்ஸ் நகரத்தில், ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மாவின் சமையலறையில், சுவரிலிருந்து கொதிகலனின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டைச் சூடாக்கும் பெட்டி அது. குளிர் தொடங்கிவிட்டால் இங்கே டாக்டருக்கு அடுத்தபடி எங்களைத்தான் தேடுவார்கள்.

“சந்தோஷமுங்க மச்சான்” என்றேன். ஆனால் அவர் கொண்டாடிய சேதியில் ஏதோ தலைகீழாக இருக்கிறது என்று எனக்குப் பட்டது. பட்டதற்குக் காரணம் என் படிப்பு அல்ல, என் கல்யாணம்.

போனை வைத்ததும் டீச்சரம்மா கேட்டார், ஊரிலிருந்து நல்ல சேதியா என்று. “தெரியிலீங்க” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அந்தம்மா எல்லாம் புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டுத் தேநீர் போடப் போனார்.

2

கோயமுத்தூரில் கணபதி என்ற இடத்தில் பம்பு மோட்டார் பட்டறையில் வேலை பழகியவன் நான். பத்தாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. படிப்பை நான் விடவில்லை. பஜ்ஜி சுற்றி வந்த காகிதத்தைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டு வாசிக்கிறவன் என்று அக்கா கேலி செய்வாள். எனக்குப் பூங்கொடியைப் பார்த்தபோது, “பொண்ணு டாக்டரு, மாப்ள ஸ்பேனரு, எப்படிங்க சரியா வரும்?” என்று ஒரம்பரையாக வந்த ஒரு சொந்தக்காரர் கேட்டாராம். அதற்குப் பூங்கொடியின் அப்பா, “ரெண்டு பேரும் ரிப்பேர் பாக்கறவியதானுங்களே” என்றாராம். அந்த ஒரு சொல்லில் கல்யாணம் முடிந்தது.

பூங்கொடிக்கு ஊசி போடுவதைவிட ஆராய்ச்சியில் ஆசை. இங்கே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பின்னாலேயே ஒரு பெட்டியோடு நான் வந்தேன். இந்த மாதத்தோடு பதினெட்டு வருஷம். மகள் யாழினி பிறந்தது இங்கேதான்.

வந்த புதிதில் எனக்கு இங்கிலீஷ் வரும், ஆனால் மரியாதை இல்லாமல் வருகிறதே என்று கூச்சமாக இருக்கும். வயசான மனுஷனிடம் வெறும் ‘யெஸ்’ என்று எப்படிச் சொல்வது? என்னை அறியாமல் ‘யெஸ்ஸுங்க’, ‘ஓகேங்க’, ‘தேங்க்யூங்க’ என்று வந்துவிடும். பாதிப் பேர் அதை என் கம்பெனியின் பெயர் என்று நினைத்தார்கள். டீச்சரம்மா மட்டும் என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அதிலிருந்து அவர் வீட்டில் வேலை முடிந்து கிளம்பினால் வாசலில் நின்று, “ஓகேங்க” என்று எனக்கு விடை கொடுக்கிறார். இந்த நாட்டின் குடியுரிமை கிடைத்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. அதற்கு அவர்கள் கேட்ட காகிதங்களைச் சேர்ப்பதற்குள் தாவு தீர்ந்துபோயிருந்தது.

பூங்கொடியின் வேலை என்னவென்று ஊரில் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. நம் உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லுக்குள்ளும் லைசோசோம் என்று சின்னச் சின்னப் பைகள் உண்டு. வேண்டாததைக் கரைத்து ஒழிப்பது அவற்றின் வேலை. கரைப்பதற்கு என்சைம் வேண்டும். சிலருக்குப் பிறக்கும்போதே ஏதாவது ஒரு என்சைம் குறைவு. அப்போது கரையாத சரக்கு உள்ளேயே தேங்கும். எது தேங்குகிறது, எங்கே தேங்குகிறது என்பதைப் பொறுத்து நோயின் பெயர் மாறும். அந்தச் சரக்கு சிறுநீரகத்திலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் தேங்கினால் ரத்த அழுத்தம் ஏன் ஏறுகிறது, எப்போது ஏறுகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி.

“குழாய்க்குள்ள உப்புப் படிஞ்சா மோட்டார் திணறுமே, அந்த மாதிரியா?” என்று முதல்முறை கேட்டேன்.

“பாதி சரி” என்றாள்.

“மீதிப் பாதி?”

“அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க.”

3

மச்சானின் நோயைக் கண்டுபிடித்தது ஒரு கல்யாண மண்டபத்தில்.

போன சித்திரையில் ஊருக்குப் போயிருந்தோம். ஈரோட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். முகூர்த்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் மக்கர் செய்தது. பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளையின் நெற்றிப்பொட்டு மூக்குக்கு இறங்கிவிட்டது. மச்சான் மட்டும் இஸ்திரி கலையாத சட்டையோடு, முகம் செக்கச் சிவந்து, மூச்சு வாங்கி, ஒரு தூணில் சாய்ந்து நின்றார்.

பூங்கொடி சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனாள்.

“அண்ணா, உங்களுக்கு வேர்க்காதா?”

“வேர்வையெல்லாம் பாட்டாளிக்கு அம்மணி. நானெல்லாம் பொறக்கும்போதே ஏசி போட்டுட்டுப் பொறந்தவன்” என்றார் மச்சான், அந்த மூச்சு வாங்கலிலும்.

அவள் சிரிக்கவில்லை. கை கால் எரிச்சல் உண்டா என்று கேட்டாள். சின்ன வயதிலிருந்தே உண்டு, வெயில் ஏறினால் நெருப்பில் மிதித்த மாதிரி என்றார். பிரஷர் எப்போதிலிருந்து என்று கேட்டாள். அதற்கு அக்கா முந்திக்கொண்டாள்.

“அதைக் கேளு பூங்கொடி! மாத்திரை குடுத்தா எண்ணிப் பத்து நாள். அப்பறம் போயி அளந்து பாக்கறது. சரியா இருக்குதுன்னா நிறுத்திப்போடறது. ஏனுங்க நிறுத்தினீங்கன்னா, ‘சரியாப் போச்சு, அப்பறம் எதுக்கு?’ங்கறாரு. மழ நின்னுச்சுன்னு கொடைய மடக்கலாமுங்க நங்கையா, ஊட்டுக் கூரையப் பிரிக்கலாமா?”

முறைப்படி பூங்கொடிதான் நாத்தனாரான அக்காவை ‘நங்கையா’ என்று அழைக்க வேண்டும். கோபம் வந்தால் யாரை என்ன சொல்லி அழைக்கிறோம் என்பது அவளுக்கு மறந்துவிடும். ஆனால் அந்தக் கூரைப் பேச்சைப் பூங்கொடி இங்கே வந்து தன் ஆய்வகத்தில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள்.

கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். சிறுநீரகம் பாதிக்கு மேல் களைத்துப் போயிருந்தது. அதற்கென்று தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து உறுதிசெய்தார்கள். ஃபேப்ரி நோய். பூங்கொடி வருஷக்கணக்காகக் கண்ணாடித் தட்டில் பார்த்துக்கொண்டிருந்த நோய்களில் ஒன்று, எங்கள் மச்சானாகக் கல்யாணப் பந்தியில் நின்றிருக்கிறது. மருந்து உண்டு. குறைந்துபோன என்சைமை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். போன சிறுநீரகம் திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றலாம். எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு மிச்சம்.

இது பரம்பரையில் வருவது. அதனால் குடும்பத்தில் வேறு யாருக்கு இருக்கும் என்று பார்க்க, பூங்கொடி ஒரு தாளை எடுத்து வம்சப் படம் வரைய உட்கார்ந்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மச்சான் சொல்லச் சொல்ல வரைந்தாள். அப்பா, பெரியப்பா, சித்தப்பா, அவர்கள் மகன்கள், மகன்களின் மகன்கள். கூட்டத்துப் பங்காளிகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். தாள் முழுக்கச் சதுரம், ஓடு பாவிய தரை மாதிரி.

“அண்ணா, இதுல ஒரு பொண்ணுகூட இல்லையே?”

“பொண்ணுங்க எங்க கூட்டமில்லீங்களே அம்மணி.”

எங்கள் பக்கத்தில் கூட்டம் என்பது குலம். அப்பன் வழியில் மட்டும் வரும். ஒரே கூட்டத்துக்குள் கட்ட மாட்டோம்; எல்லோரும் அண்ணன் தங்கை. பெண் கட்டிக்கொண்டு போனால் அன்றோடு புருஷன் கூட்டம். யாரைக் கட்டலாம், யாருக்கு எந்தக் கோயில் என்பதற்கெல்லாம் இந்தக் கணக்குப் போதும். அதே கணக்கை வைத்து மச்சான் நோயையும் அளந்தார். நானும் அந்த மண்ணில் பிறந்தவன்தான். பூங்கொடியைக் கட்டியிருக்காவிட்டால் நானும் அப்படித்தான் அளந்திருப்பேன்.

“மச்சான், ருக்மணியைச் சொல்லுங்க” என்றேன் நான்.

மச்சான் முகம் மாறியது. ருக்மணி அவருடைய ஒரே தங்கை. பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்தது. ஒரே மகன், தனபால், இருபத்தேழு வயசு. மூன்று வருஷத்துக்கு முன் ருக்மணி தட்டு வரிசையோடு வந்து, மச்சான் மகள் கிருத்திகாவைத் தன் மகனுக்கு உரிமைப் பெண்ணாகக் கேட்டாள். மச்சான் எல்லோர் முன்னிலையிலும் சொன்னது இது: “வெயில்ல ஒரு மணி நேரம் நிக்கமாட்டான். கேட்டாக் கால் எரியுதும்பான். ஏசிக் கடையில ஒக்காந்து செல்போனுக்கு ஸ்டிக்கர் ஒட்டறவனுக்குப் புள்ளயக் குடுக்கறதுக்குக் கெணத்துல தள்ளிப்போடலாம்.” ருக்மணி கொண்டுவந்த தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். அதோடு பேச்சு இல்லை, பொங்கல் சீர் இல்லை.

கால் எரியுதும்பான். அந்தச் சொல் நினைவு வந்து, பூங்கொடி பேனாவை அப்படியே பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

“அண்ணா, அந்தப் பையனுக்கு உடனே பாக்கோணும்.”

“அவ பேச்சே வேண்டாமுங்க அம்மணி” என்று, நோய் எந்த வழியில் வரும் என்று அவள் சொல்லத் தொடங்குவதற்குள் மச்சான் எழுந்து போய்விட்டார்.

4

இனி முதலில் சொன்ன போனுக்கு வருகிறேன். நாங்கள் லீட்ஸ் திரும்பிய பிறகு, எங்களைக் கேட்காமல் மச்சானே தன் மகனைக் கூட்டிப்போய்ப் பரிசோதித்திருக்கிறார். கூட்டத்துக்கு வாரிசு அவன்தானே. இல்லை என்று வந்துவிட்டது. அதற்குத்தான் கிடாவெட்டு.

சாயங்காலம் பூங்கொடியிடம் சொன்னேன். சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டிருந்தவள் கையை அதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“அவனுக்கு இருக்க முடியாதுங்க. பாக்கவே வேண்டியதில்ல. இது அப்பாகிட்ட இருந்து மகனுக்குப் போகாது.”

“சரி, கிருத்திகாவுக்கு?”

“போகாம இருக்காது.”

அவள் எனக்கு விளக்கிய விதத்தில் உங்களுக்கும் சொல்கிறேன். இந்தப் பழுது எக்ஸ் என்ற குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது அம்மா கொடுத்தது. அந்த ஒன்றை அவன் தன் மகள்களுக்கு மட்டுமே கொடுப்பான். மகனுக்குக் கொடுப்பது வேறு. ஆக, மச்சானுக்கு இது அவருடைய கூட்டத்திலிருந்து வரவே இல்லை. அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. அந்தம்மா பக்கவாதம் வந்து படுத்துப் போய்ச் சேர்ந்தவர். அவரிடமிருந்து மகனுக்கு வந்ததுபோல மகள் ருக்மணிக்கும் போயிருக்கலாம். ருக்மணியிடமிருந்து தனபாலுக்குப் போயிருக்கலாம். மச்சானிடமிருந்து கிருத்திகாவுக்குப் போனது நிச்சயம். சதுரம் சதுரமாக அவர் அடுக்கிக் கொடுத்த பங்காளிகளில் ஒருவருக்கும் இது வராது. அவர் விட்டுவிட்ட வட்டங்கள் வழியாகவே இது நடந்து வந்திருக்கிறது, இனியும் நடக்கும்.

பெண்களுக்கு இன்னொரு எக்ஸ் துணைக்கு இருப்பதால் பெரும்பாலும் மெதுவாகத்தான் வரும், வருஷா வருஷம் பார்த்துக்கொண்டால் சமாளிக்கலாம் என்றாள். “தனபாலத்தான் நெனச்சாப் பயமா இருக்குது. இருபத்தேழு வயசு ஆம்பளப் பையன். கிட்னியில இன்னும் மிச்சம் இருக்கும். இப்பப் பாத்தாத்தான்.”

“நான் ருக்மணிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடட்டுமா?”

“கூடாதுங்க. அது அண்ணாவோட ரத்தத்துல இருந்து தெரிஞ்ச சேதி. அவர் சம்மதிக்காம நாம சொல்லக் கூடாது.”

இந்தச் சட்டம் எனக்கு இன்னும் பழகவில்லை. இங்கே ஒருவர் ரத்தத்தைப் பற்றி அவர் வீட்டுக்காரிக்கே சொல்ல அவர் வாயால் சரி என்று வர வேண்டும். நம் ஊர் ஆஸ்பத்திரியில் வராந்தாவில் நின்று ரிப்போர்ட்டைச் சத்தமாக வாசிப்போம். பக்கத்துப் படுக்கைக்காரர் தன் சொந்தக்காரருக்கும் இதேதான் வந்தது, கீழாநெல்லியில் சரியாப் போச்சு என்பார். அதுவும் ஒரு தினுசான ஆறுதல்தான். ஆனால் பூங்கொடி சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதனால் மச்சானிடமே கேட்டுவிடுவது என்று ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உட்கார்ந்தோம்.

பூங்கொடி பொறுமையாக எல்லாம் சொன்னாள். மச்சான் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், “அம்மணி, நீங்க படிச்சவிய. ஆனா தென்ன மரத்துல தேள் கொட்டினா பனை மரத்துல நெறி கட்டாதுங்க. என்ற அப்பனோட நோவு எனக்கு, என்னோடது என்ற பையனுக்கு. அவனுக்கே இல்லீங்கறப்ப…”

“அண்ணா, உங்க அப்பாவுக்கு இது இல்ல.”

“எப்படீங்க இல்லாம இருக்கும்?”

“அவருக்குக் கால் எரிஞ்சுதா?”

மச்சான் யோசித்தார். “இல்லீங்க. எங்கப்பன் பாறையில நடப்பாரு. எனக்கு எரியுதுன்னா வெளக்கமாறு பிஞ்சிரும். அப்பறம் எரியுதுன்னு சொல்றதையே உட்டுப்போட்டேன்.”

அக்கா பின்னாலிருந்து தலையை நீட்டினாள். “புள்ளைக்கு ஜாதகம் வெளிய போயிருக்குது பூங்கொடி. இப்பப் போயி ஊசி, டெஸ்ட்டுன்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. கல்யாணம் முடியட்டும்.”

“ருக்மணி வீட்டுக்காவது…” என்று நான் தொடங்கினேன்.

“மாப்ள, கெடாவுக்கு வாரீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க” என்றார் மச்சான்.

5

பெரியவர்கள் நாங்கள் கிருத்திகாவிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது, அப்பா அம்மா சம்மதம் இல்லாமல் சொல்லலாமா என்று குழம்பிக்கொண்டிருந்தபோது, அவளே ஒருநாள் பூங்கொடியைக் கூப்பிட்டாள். கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை, இருபத்தைந்து வயசு, சுருக்கமாகப் பேசுவாள்.

“அத்தை, எனக்கு எங்க டெஸ்ட் எடுக்கோணும்? அந்த டாக்டர் பேர மட்டும் சொல்லுங்க.”

“யாரு கண்ணு சொன்னாங்க உனக்கு?”

“யாழினி.”

எங்கள் மகள் மாடியில் இருந்தாள். ஊரோடு அவளுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று நான் பல வருஷமாக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். போன் கொடுத்தால் அத்தைக்கு, “நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கேன்” என்பதோடு திரும்பக் கொடுத்துவிடுவாள். முறை சொல்லிக் கூப்பிட மாட்டாள், கிருத்திகாவைக் ‘கிருத்தி’ என்பாள். அக்கா அதற்கு என்னைத் திட்டுவாள். இரண்டு பெண்களும் செல்போனில் இங்கிலீஷிலேயே தினமும் பேசிக்கொண்டிருந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கிருத்திகா அப்பாவின் நோய் பற்றிக் கேட்டிருக்கிறாள். பள்ளியில் உயிரியல் படிக்கிற இவள், பாடத்தில் வந்த கணக்கை அப்படியே போட்டுக் கொடுத்துவிட்டாள்.

பூங்கொடி மாடிக்குப் போனாள். நானும் போனேன்.

“அதை நீ சொல்லக் கூடாது. ஒரு டாக்டர் பக்கத்துல இருந்து சொல்ல வேண்டியது அது.”

“அம்மா, அவ கேட்டா. நான் பொய் சொல்லணுமா?” என்றாள் யாழினி. கண் கலங்கியிருந்தது. “நீங்க எல்லாரும் அவளைப் பத்தியே பேசறீங்க. அவகிட்ட மட்டும் பேசல.”

பூங்கொடி திட்டுவதற்கு வாயெடுத்து, பிறகு மகளின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு அம்மாவும் மகளும் நெடுநேரம் பேசினார்கள். பாதி இங்கிலீஷ், பாதி எங்கள் ஊர்த் தமிழ். நான் கீழே வந்து, ஏற்கனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக் கொதிகலனைத் திறந்து சுத்தம் செய்தேன்.

கிருத்திகா தனியாகப் போய்ப் பரிசோதனை கொடுத்தாள். வந்த பதில் பூங்கொடி சொன்னதுதான். சிறுநீரகமும் இதயமும் இப்போதைக்கு நன்றாக இருக்கின்றன. விடாமல் பார்த்துக்கொண்டு வர வேண்டும். வெளியே போயிருந்த ஜாதகத்தை அவளே நிறுத்திவைத்தாள். யாராவது வந்தால் முதலில் நானே உட்கார்ந்து சொல்லுவேன், பிடித்தவன் இருக்கட்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். அக்கா இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, “உன்ற மகதான்டா எல்லாத்தையும் கெளறி உட்டுட்டா” என்று திட்டினாள். திட்டி முடித்து, “அந்தப் புள்ளைக்குக் குளுருக்கு ராகிக் களி கிண்டிக் குடுக்கறயா?” என்று கேட்டாள். எங்கள் அக்காவின் கோபத்துக்கு அவ்வளவுதான் ஆயுசு.

மச்சான்தான் போனுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால், “காட்டுக்குப் போயிருக்காரு”, “படுத்திருக்காரு”. மார்கழி முழுக்க அப்படியே போனது. மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போடுகிறார், கேட்காமலே போடுகிறார், அதுதான் பயமாக இருக்கிறது என்றாள் அக்கா. கலகலவென்று பேசுகிற மனுஷன் பேசாமல் இருந்தால் வீட்டில் கரண்ட் போன மாதிரி. கடல் தாண்டி இருக்கிற எங்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை அந்த இருட்டு இருந்தது.

6

பொங்கலுக்கு முந்திய ஞாயிறு, வீடியோவில் மச்சானே வந்தார். தாடி விட்டிருந்தார். பக்கத்தில் கிருத்திகா, லீவுக்கு வந்திருந்தாள்.

“நானாங்க மாப்ள குடுத்தேன்?” என்றார். எடுத்ததும் அதுதான்.

“மச்சான், நீங்க தெரிஞ்சா குடுத்தீங்க…”

“பையனுக்குச் சேர்க்கறதத்தான் யோசிச்சுட்டே இருந்தனுங்க. காடு, ஊடு, கூட்டம். புள்ளைக்கு நான் எதுவும் வெக்கிலீன்னு நெனச்சிருந்தேன். இதை வெச்சிருக்கறேன்.”

பூங்கொடி என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“அண்ணா, அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சதுனால நல்லா இருப்பா. உங்களுக்குத் தெரிஞ்சபோது பாதி போயிருந்துச்சு. அதுதான் வித்தியாசம்.”

அடுத்துக் கிருத்திகாதான் பேசினாள். அவள் எங்களோடு பேசவில்லை, அப்பாவைப் பார்த்துப் பேசினாள்.

“அப்பா, தனா மாமனுக்குக் கால் எரியுதுன்னு சொன்னப்ப எல்லாரும் சிரிச்சோம். நானுந்தான் சிரிச்சேன்.”

“எனக்குந்தான் கால் எரிஞ்சுது கண்ணு. நான் காட்டு வேலை செய்யலியா? எல்லாருக்கும் எரியும், ஆம்பளைங்க வெளிய சொல்றதில்லன்னுதான் நான் நெனச்சிருந்தேன். அவன் மட்டும் சொல்றானேன்னு எளக்காரம்.” போனைக் கிட்டத்தில் இழுத்துக்கொண்டார். பிறகு, “அம்மணி, அந்தப் பையனுக்கு இன்னும் நேரம் இருக்குதுங்களா?”

“பாத்தாத்தான் தெரியும். இன்னிக்கே பாத்தா நல்லது. நாங்க போன் பண்ணிச் சொல்லட்டுமாண்ணா? நீங்க சரின்னா போதும்.”

மச்சான் எழுந்துவிட்டார். திரையில் அவர் வேட்டியும் பிறகு வெறும் சுவரும் தெரிந்தன. “போயிட்டாரு அத்தை” என்றாள் கிருத்திகா. அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். பூங்கொடியும் அப்படித்தான் நினைத்தாள். போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

அதற்கப்புறம் நடந்தது கிருத்திகா யாழினிக்குச் சொல்லி, யாழினி எங்களுக்குச் சொன்னது.

மறுநாள் மகளையும் கூட்டிக்கொண்டு, கோயமுத்தூருக்கு வந்து, உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறியிருக்கிறார் மச்சான். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மகளிடம் ஒப்பித்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி. கடைசியில், “நீயே சொல்லிப்போடு கண்ணு” என்றாராம். “மாட்டேன், உங்க தங்கச்சி” என்றாளாம் அவள்.

தென்னந்தோப்புக்குள் வீடு. வாசலில் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு ருக்மணி நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை.

“என்ன, கெணறு ஆழம் பாக்க வந்தீங்களா?”

“ருக்கு…” என்று தொடங்கினார்.

“மூணு வருசமா இந்தப் பக்கம் தல வெச்சுப் படுக்கல. இப்ப மட்டும் வழி தெரிஞ்சுதாக்கும். என்ற பையன் அதே ஸ்டிக்கர்தான் ஒட்டறான். இன்னிக்கு அதுக்குங்கூடப் போகல. காத்தால இருந்து எரியுது எரியுதுன்னு கெடக்கறான். பாத்துச் சிரிச்சுட்டுப் போங்க.”

கதவை அவள் திறக்கவில்லை. ஆனால் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள். மச்சான் உள்ளே போனார். வீட்டுப் பக்கவாட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சிமெண்டுத் தொட்டி. அதன் விளிம்பில், பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு தனபால் உட்கார்ந்திருந்தான். மாமனைப் பார்த்ததும் அவசரமாகக் காலை எடுக்கப் பார்த்தான்.

“இருக்கட்டும், எடுக்காத” என்றார் மச்சான்.

செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். தங்கை பார்த்துக்கொண்டு நிற்க, தொட்டி விளிம்பில் மருமகனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, தன் இரண்டு காலையும் அந்தத் தண்ணீருக்குள் விட்டார்.